பெரிய வீட்டுக் கட்டுத்தரை

குடிவந்த மூன்றாம் நாள் காலை புறக்கடைக் கதவைத் திறந்ததும் அன்புச்செல்வி மூக்கைப் பொத்திக்கொண்டாள். பத்தடி தள்ளி இருந்த கட்டுத்தரையிலிருந்து நாற்றம் வந்தது. அங்கே மாடு கட்டிப் பதினோரு வருடம் ஆகிறது. ஓடு வேய்ந்த அந்தக் கொட்டகையில் மீந்துபோன டைல்ஸ் பெட்டிகளையும் பெயின்ட் டப்பாக்களையும்தான் அடுக்கி வைத்திருந்தார்கள். அவற்றுக்கு நடுவே, முந்தின நாள் அவளே கழுவிவிட்ட சிமென்ட் தரையில், ஒரு கூடை நிறையும் அளவுக்குச் சாணி கிடந்தது. கறுப்பாக, ஈரமாக. மார்கழிக் குளிரில் அதன்மேல் மெல்லிசாக ஆவி எழுந்துகொண்டிருந்தது.

யாரோ வேண்டுமென்றே கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. குட்டைப்புதூரில் பெரிய வீடு என்றால் இது ஒன்றுதான். கட்டியவர் பங்காரு. ஊரைச் சுற்றியிருந்த தென்னந்தோப்பில் பாதி அவருடையது. அவர் செத்த பிறகு மகன் கோவிந்தராஜுலு தோப்பை மனை பிரித்து விற்றுவிட்டு ஆர்.எஸ்.புரத்தில் குடியேறிவிட்டார். மனைகள் எல்லாம் போயின, வீடு மட்டும் போகவில்லை. பார்க்க வந்தவர்கள் பின்பக்கம் வரை போய்விட்டுப் பேசாமல் திரும்பினார்கள் என்று புரோக்கர் பிரான்சிஸே பிற்பாடு சொன்னார். கடைசியில் அதை வாங்கியது ஊருக்குக் கிழக்கே காலனியில் பிறந்த அன்புச்செல்வி. கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பதினாறு வருடமாக நர்ஸ். அவள் அம்மா மாசாணியம்மாள் இதே கட்டுத்தரையில் முப்பது வருடம் சாணி அள்ளியவள். பத்திரம் பதிந்த அன்று டீக்கடை பெஞ்சில் பேச்சு நின்றுபோனதை அன்புச்செல்வி கவனித்திருந்தாள்.

பால் காய்ச்சிய அன்று அம்மா பின்சந்து வழியாகத்தான் வந்தாள். அன்புச்செல்வி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முன்வாசல் வழியாக உள்ளே கூட்டிவந்து சோபாவில் உட்கார வைத்தாள். அம்மா எந்நேரமும் எழத் தயாராக, விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

சாணியை அம்மாவே அள்ளிப் போட்டாள். மறுநாளும் கிடந்தது. அதற்கு மறுநாளும். பின்கேட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். அன்புச்செல்வியின் கணவன் பிரவின்குமார், சிங்காநல்லூரில் பம்ப்செட் பட்டறையில் வேலை செய்பவன், மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதித்தான். கொட்டகை உத்தரத்தில் கேமரா ஒன்றை மாட்டி அவள் போனில் இணைத்தும் கொடுத்தான். கேமராவில் ஒருத்தனும் விழவில்லை. குவியல் மட்டும் விடியும்போது இருந்தது.

நாற்றம் மெல்ல மெல்ல வீட்டுக்குள் வந்தது. முதலில் துவைத்து மடித்த துணியில். பிறகு மண்பானைத் தண்ணீரில். ஒருநாள் குக்கரைத் திறந்து சோற்றின்மேல் முகத்தை நீட்டியவள் அப்படியே தொட்டிக்கு ஓடி வாந்தியெடுத்தாள். புண் அழுகிப் புழு வைத்த காலைக் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டு, கை கழுவி, அடுத்த நிமிஷம் டிபன் பாக்ஸைத் திறக்கிறவள் அவள். எந்த நாற்றமும் அவளை இப்படிக் குடலோடு பிடித்து இழுத்ததில்லை. அம்மாவின் நகக்கண்ணில் எந்நேரமும் கறுப்பு இருந்தது. அந்தக் கையாலேயே அம்மா ரசம் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் அன்புச்செல்வி தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போனாள். போன பிறகு தன்மீதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பத்தாம் நாள் மத்தியானம், வார்டில் சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்துக் கேமராவைப் பார்த்தாள். கொட்டகைக்குள் அம்மா குனிந்து நின்றாள். கூடையோ விளக்குமாறோ இல்லை. இரண்டு கையாலும் அள்ளி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் நிமிர்ந்து, ஆளில்லாத மூலையைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு மண்டியிட்டு, காற்றில் எதையோ மெதுவாகத் துடைத்தாள். மேலிருந்து கீழாக. மடிப்பு மடிப்பாக. துணியைத் திருப்பி மறுபடியும்.

அந்தக் கை அசைவு அன்புச்செல்விக்குத் தெரியும். தினமும் வார்டில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு அவள் செய்வது அது.

பாதி நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் பிடித்தாள். நான்கு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் கொட்டகைக்குப் போனாள். அம்மா அள்ளியது போக மீதி கிடந்தது. இத்தனை நாளும் மூக்கைப் பொத்திக்கொண்டே பார்த்ததை அன்றைக்குக் கையுறை போட்டுக்கொண்டு கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தாள். நல்ல வெயில். ஈக்கள் மொய்த்தன. அதில் புல்லும் வைக்கோலும் இல்லை. தாரைப் போலக் கறுத்து, பளபளவென்று, விரலோடு இழுபட்டு வந்தது. நாற்றத்தில் இரும்பு இருந்தது. குடலுக்குள் கசிந்து செரித்துப்போன ரத்தத்தின் நாற்றம். வார்டில் திரையை விலக்குவதற்கு முன்பே சொல்லிவிடலாம், இந்தக் கட்டிலில் இருப்பவர் பிழைக்க மாட்டார் என்று.

சாணி இல்லை. மாட்டினுடையதே இல்லை.

அம்மா பின்னால் வந்து நின்றாள். கையில் கிழிந்த வேட்டித் துணி.

"அம்மா, இது யாரோடது?"

அம்மா துணியை உதறி மடித்தாள். பிறகு, "பெரிய பண்ணாடியோடது கண்ணு" என்றாள். ஊரில் பங்காருவை அவள் அப்படித்தான் சொல்வாள்.

அப்புறம் கேட்கக் கேட்கச் சொன்னாள். கடைசி எட்டு மாதம் பங்காரு படுத்த படுக்கை. எந்நேரமும் கறுப்பாகப் போய்க்கொண்டே இருந்தது. வீட்டுக்குள் இருக்க முடியவில்லை என்று மருமகள் அழுதாள். கோவிந்தராஜுலு ஆள் வைத்துக் கட்டிலோடு தூக்கிவந்து மாடுகளுக்குப் பக்கத்தில் போட்டார். சொந்தக்காரர் ஒருத்தரும் கட்டுத்தரைக்கு வரவில்லை. அள்ளியது, துடைத்தது, புரட்டிப் போட்டது எல்லாம் மாசாணியம்மாள்தான். அதுவரை தன் நிழல்கூட அவர்மேல் விழாமல் ஒதுங்கி நடந்தவள். ஊரில் யாருக்கும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்கள்.

"சாகற அன்னைக்கு என்ற கையப் புடிச்சுட்டு உடலீங்கறேன். நீ போயிட்டீன்னா எனக்கு ஆரு இருக்கறா புள்ளன்னு கேட்டாரு. நான் எங்கீங்க போறேன், இங்கயேதான் இருப்பேன்னு சொல்லிப்போட்டேன். அந்நேரத்துக்கு வேற என்ன சொல்றது?"

அன்புச்செல்விக்கு ஆத்திரமாக வந்தது. அந்த மனிதர்மேல், அவர் மகன்மேல், அம்மாவின் அந்தப் பொறுமைமேல். அம்மாவின் கையைப் பிடித்துப் போய்க் குழாயடியில் உட்கார வைத்து, பிரஷால் நகம் நகமாகத் தேய்த்தாள். கறுப்பு போகவில்லை. சோப்புத் தண்ணீர் சிவப்பாக ஓடியபோது, தான் தோலைத் தேய்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அம்மா கையை இழுக்கவே இல்லை.

அன்று சாயங்காலமே அம்மாவைக் காலனியில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டாள். பிரவின்குமாரும் அவளும்கூட அங்கேயே தங்கினார்கள். போகும்போது அம்மா, "அள்ளாம உட்டா சேந்து போகும் அம்மணி" என்று மட்டும் சொன்னாள். சேரட்டும் என்றாள் அன்புச்செல்வி. இது தன் வீடு, தன் பெயரில் பட்டா, இனி இங்கே யாரும் யாருக்கும் அள்ள வேண்டியதில்லை என்று சொன்னாள். கோவிந்தராஜுலுவுக்குப் போன் போட்டாள். மூன்று முறை அடித்தும் அவர் எடுக்கவில்லை.

நான்கு நாள் கழித்து, யூனிஃபார்ம் எடுக்க அவள் மட்டும் வந்தாள். பிரவின்குமார் பட்டறை முடிந்து நேராக இங்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். ஆறு மணி இருக்கும். மேற்கே இன்னும் வெளிச்சம் இருந்தது. எதிர்வீட்டில் டிவி ஓடியது. முன்கதவைத் திறந்து லைட்டைப் போட்டாள்.

ஹாலில் நாற்றமே இல்லை. பினாயில் வாசனைகூட அப்படியே இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. சமையலறையை எட்டிப் பார்த்தாள். புறக்கடைக் கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. கதவின் அடியில், வாசற்படியைத் தாண்டி, கறுப்பாக ஒரு தடம். இழுத்துக்கொண்டு வந்த தடம். இரண்டு முழ அகலத்தில் அது புது டைல்ஸ்மேல் வழவழவென்று நீண்டு, கிரைண்டரைச் சுற்றி வளைந்து, படுக்கையறைக்குள் போயிருந்தது. ஓரங்களில் விரல் பதிந்த அடையாளம். பதிந்து, வழுக்கி, மறுபடி பதிந்து.

திரும்பிப் போய்விட வேண்டும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே நடந்தாள். செருப்பு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

படுக்கையறை லைட்டைப் போட்டாள்.

அறையில் யாரும் இல்லை. கட்டில் மட்டும். போன மாதம் வாங்கிய மெத்தை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது. அதன் நடுவில் ஒரு குழி. தலை அளவு, தோள் அளவு, இடுப்பு அளவு. ஒரு ஆள் மல்லாந்து படுத்தால் விழும் குழி. இடுப்புக்குக் கீழே உறைமேல் கறுப்பு ஊறி ஊறி எழுந்தது. விளிம்பு வரை வந்து, சொட்டியது. சூடாக. ஆவி வந்தது.

நாற்றம் அப்போதுதான் அவளை அடைந்தது. வாயைப் பொத்தினாள்.

பிளாஸ்டிக் உறை முறுமுறுவென்றது.

தோள் குழி ஒரு பக்கம் ஆழமானது. மறுபக்கம் மெத்தை மெல்ல உப்பி எழுந்தது. அவசரமே இல்லை. வலிக்கிற உடம்பைப் பார்த்துப் பார்த்து அசைக்கிற நிதானம். இடுப்பு நகர்ந்தது. முழங்கால் மடங்கியது. தினமும் இருபது கட்டிலில் அவள் பார்ப்பது அது.

குழி அவளுக்கு முதுகைக் காட்டி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, அவள் துடைக்க வாகாக, இடுப்பைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தது.