கப்பலில் ஓர் இரத்தினவேல்

ஜெயமலர் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது கதவடியில் வைத்திருந்த சூட்கேஸைக் காணவில்லை. அதன்மேல் வைத்த கைப்பையும் இல்லை. பாஸ்போர்ட் அந்தக் கைப்பைக்குள்தான் இருந்தது. விமானம் அன்று மாலை ஆறு மணிக்கு.

மகன் கிருபன் ஐபாட்டை முன்னால் வைத்துக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தான். மருமகள் துவாரகா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முதல்நாள் இரவே துடைத்த அடுப்பு அது. கனடாவின் மில்லிக்கனில் இருந்த அந்த வீட்டில் கோபம் வந்தால் முதலில் பளபளப்பது அடுப்புத்தான்.

"பெட்டி எங்கை தம்பி?"

"கார் டிக்கியில. பாஸ்போர்ட் என்னட்டை." அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீங்கள் போகேல்லை."

அறுபத்துமூன்று வயதில் தன் கைப்பையைத் தன் பிள்ளையிடம் கெஞ்சி வாங்க வேண்டிய நிலை வந்துவிட்டதே என்று ஜெயமலருக்கு நெஞ்சு எரிந்தது. இருபத்தாறு வருடம் சான்ட்விச் ஃபாக்டரியின் குளிர் அறையில் நின்று விரல் விறைத்தவள் அவள். புருஷன் சண்முகலிங்கம் படுக்கையில் விழுந்த இரண்டு வருடமும் ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. அவர் போய் மூன்று வருடமாகிறது. இப்போதுதான் முதல்தடவையாக, ஒரு கிழமைக்கு எங்காவது போகிறேன் என்று வாய் திறந்திருந்தாள்.

திறந்த வாயால் பொய் சொன்னாள் என்பதும் உண்மைதான். சீனியர் சங்கத்து ஆட்களோடு பிரான்சுக்குப் போய் லூர்து மாதாவைக் கும்பிட்டு வரப்போகிறேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தாள். சைவ வீடென்றாலும் லூர்து மாதாவை யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள் என்ற துணிவு.

அன்று காலையில் துவாரகாவின் கண்ணில் ஐபாட்டுக்கு வந்த மின்னஞ்சல் பட்டுவிட்டது. அதில் மாதா இல்லை. லியோன் நகரத்திலிருந்து ரோன் நதி வழியாக ஏழு நாள் சொகுசுக் கப்பல், வழிநெடுகத் திராட்சைத் தோட்டங்கள், ஒவ்வொரு பின்னேரமும் ஒவ்வோர் ஊரின் வைனைச் சுவைத்துப் பார்த்தல் என்று படங்களோடு இருந்தது. அதற்குக் கீழே அறை ஒன்று, பெரிய கட்டில் ஒன்று, பயணிகள் இருவர். சண்முகலிங்கம் ஜே. இரத்தினவேல் பி.

கிருபன் ஐபாட்டைத் தாயின் பக்கம் திருப்பினான்.

"ஆர் அம்மா இந்த இரத்தினவேல்?"

ஜெயமலர் திரையைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். அவன் கேட்டதன் அர்த்தம் அவளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது கதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு இரத்தினவேல் ஆரெண்டு தெரியாதோ?"

"தெரியாது. தெரியவும் தேவையில்லை. அப்பான்ர படம் அங்கை தொங்குது, நீங்கள் ஆரோ ஒருத்தனோட ஒரே கட்டில்ல..." துவாரகா தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். ஆனால் அந்த வார்த்தை ஜெயமலருக்கு வரவில்லை. பெற்ற பிள்ளை தன்னை இப்படிக் கேட்டது ஒரு பக்கம். அந்தப் பெயரைக் கேட்டு அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லாதது மறுபக்கம். இரண்டாவதுதான் அவளைக் கூடுதலாக அறுத்தது. அவள் பேசாமல் நின்றதை அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டான்.

"மங்கை மாமிக்கு ஃபோன் அடிச்சிட்டன். வந்துகொண்டிருக்கிறா. அவவுக்குச் சொல்லுங்கோ."

மங்கையற்கரசி, செத்துப்போன சண்முகலிங்கத்தின் தங்கை, அஜக்ஸிலிருந்து முக்கால் மணித்தியாலத்தில் வந்து சேர்ந்தாள். நல்லது கெட்டதுக்கு அவ்வளவு வேகமாக வருகிற ஆள் இல்லை. சப்பாத்தைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டாள். அண்ணை கண்ணை மூடிய பிறகு இந்த வீட்டில் ஏதாவது நடக்கும் என்று அவளுக்கு அப்போதே தெரியுமாம். இந்த வயதில் குடிக்கிற கப்பல் கேட்கிறதாம். நாளைக்குக் கோயில் தேரடியில் நாலு பேர் முகத்தில் அவள் எப்படி முழிப்பதாம். ஜெயமலர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். முப்பத்தைந்து வருடப் பழக்கம் அது.

"ஆள் ஆரெண்டு பாருங்கோ மாமி," என்று கிருபன் ஐபாட்டை நீட்டினான்.

மங்கையற்கரசி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வாசிக்கிற கண்ணாடியைப் போட்டாள். வாசித்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"விசரா, உது உன்ர அம்மப்பான்ர பேரடா. இரத்தினவேலர். அந்த மனுசன் செத்து நாப்பது வருசமாகுது."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. துவாரகா திரும்பி மாமியாரைப் பார்த்தாள். கிருபனின் முகத்தில் இருந்த இரத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த வீட்டில் தாயின் பிறந்தகத்தைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. ஜெயமலர் தன் தகப்பனை 'ஐயா' என்றுதான் சொல்வாள். கனடா வந்த அன்றே கடதாசியில் அவள் பெயருக்குப் பக்கத்தில் சண்முகலிங்கம் ஏறிவிட்டார், இரத்தினவேல் இறங்கிவிட்டார். முப்பத்துமூன்று வயதான பேரன் அந்தப் பெயரை முதல்தடவையாகப் பார்த்தது ஒரு கப்பல் ரிக்கெற்றில்.

மங்கையற்கரசியின் சிரிப்பு அதற்குள் நின்றுபோயிருந்தது. அவள் கண் அந்த ஒற்றை எழுத்தில் நின்றது.

"பி..." என்றாள். "புஸ்பமலரோ?"

ஜெயமலர் தலையை ஆட்டினாள்.

"அந்த ஓடுகாலியோடயோ நீ கப்பல் ஏறப்போறாய்? ஒரு ஆம்பிளையோட போயிருந்தாலும் பரவாயில்லை எண்டிருப்பன்."

அம்மாவுக்கு ஒரு தங்கை இருப்பதே கிருபனுக்குத் தெரியாது. மங்கையற்கரசி அவனுக்கு விவரமாகவே சொன்னாள். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் தன்னுடைய தம்பி சிவநேசனுக்குப் புஸ்பமலரைப் பேசி, மண்டபமும் எடுத்து, கூறைச்சேலையும் வாங்கி வைத்திருந்தார்கள். கனடாவுக்கென்று வெளிக்கிட்டவள் பாரிஸில் இறங்கினாள், யாரோ ஒருவனோடு ஓடிவிட்டாள். தம்பி அன்றைக்குத் தொட்ட குடியை இன்னும் விடவில்லை. அண்ணை சனத்துக்கு முன்னால் தலை நிமிர்த்தவில்லை.

"அண்டைக்கு உன்ர அம்மா சத்தியம் பண்ணினவள். இனிச் செத்தாலும் அவளோட கதைக்கமாட்டன் எண்டு. அண்ணை சத்தியம் கேக்க, என்ர கண்ணுக்கு முன்னால, பிள்ளையின்ர தலையில கையடிச்சு."

"எந்தப் பிள்ளையின்ர தலையில?" என்று கிருபன் கேட்டான்.

"உன்ர தலையிலதான். உனக்கு அப்ப ரெண்டு வயசு. இப்ப உன்ர தலை என்னவானாலும் பரவாயில்லை எண்டு உவள் உல்லாசம் போறாள்."

ஜெயமலர் கதிரையிலிருந்து கையை எடுத்தாள். அவள் குரல் உயரவில்லை. உயர்த்திப் பழகாத குரல்.

"அவள் ஓடேல்லை மச்சாள். நான்தான் வராதை எண்டனான். ஸ்டெபனி எண்ட பேர் உங்களுக்கு ஞாபகமிருக்கோ?"

"அது பழங்கதை. அவளை விட்டிட்டுத்தானே தம்பி கனடாவுக்கு வந்தவன்..."

சொல்லி முடித்த பிறகுதான் மங்கையற்கரசிக்குத் தான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. துவாரகாவின் கையில் இருந்த துணி நிலத்தில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

ஜெயமலர் மிச்சத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்க ஜெர்மனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மங்கையற்கரசி அதைக் கிழித்துக் குப்பைக்குள் போட்டாள். குப்பை கட்டியது ஜெயமலர். கடிதம் அவளுக்கு விளங்கவில்லை. உள்ளே இருந்த படம் விளங்கியது. சிவநேசன், ஒரு வெள்ளைக்காரப் பெண், மடியில் ஒரு குழந்தை, படத்தின் பின்பக்கம் ஸ்டெபனி என்று கையெழுத்து. அன்றைக்கே ரெலிஃபோன் பூத்துக்குப் போய், கனடாவுக்கு வர வழிபார்த்துப் பாரிஸில் நின்ற தங்கையை மறித்தாள். உண்மையை வீட்டில் சொல்லிவிடவா என்று கேட்டபோது, தங்கைதான் வேண்டாம் என்றாள். "நீ அந்த வீட்டில சீவிக்க வேணும் அக்கா. நான் ஓடிட்டன் எண்டே சொல்லு."

"ஆரோடையோ ஓடிட்டாள் எண்டியள் மச்சாள். அவள் இண்டைவரைக்கும் கலியாணமே கட்டேல்லை. அதுதான் ஐயாவின்ர பேர் அவளோட இருக்குது."

மங்கையற்கரசி விடுகிற ஆள் இல்லை. உண்மையோ பொய்யோ, சத்தியம் சத்தியம்தான் என்றாள். நாளைக்குப் பிள்ளைக்கு ஒன்று என்றால் அப்போது தெரியும் என்றாள்.

"நான் முறிக்கேல்லை," என்றாள் ஜெயமலர். இப்போதுதான் அவளுக்குக் கண் கலங்கியது. "எங்கட அம்மா செத்த அண்டைக்கு அவள் ஃபோன் எடுத்தவள். காதில வைச்சுக்கொண்டு நிண்டனான். அவள் அக்கா அக்கா எண்டு அழுதவள். நான் வாய் திறக்கேல்லை. என்ர பிள்ளையின்ர தலையெல்லோ."

தங்கை அந்தக் கப்பல்களில்தான் இருபத்தொரு வருடம் அறை துப்புரவாக்கினாள் என்றும் சொன்னாள். முழங்கால் ஏலாமல் வேலையை விட்டபோது கப்பல்காரர் ஒரு கிழமைக்கு ஓர் அறையைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள், இரண்டு பேருக்கு. ஊரெல்லாம் படுக்க நான் விரித்த கட்டிலில் நானும் நீயும் ஒரு கிழமை படுப்போம் அக்கா என்று எழுதியிருந்தாள். ஜெயமலர் பதில் எழுதவில்லை. பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பினாள், அவ்வளவுதான்.

"அங்கை போயும் கதைக்கமாட்டியளோ?" துவாரகா அன்று வாய் திறந்தது அப்போதுதான்.

"இல்லைப் பிள்ளை. பக்கத்தில இருப்பன். அவள் கதைப்பாள், நான் கேட்டுக்கொண்டிருப்பன். ஏழு நாள் கிடக்குதே."

இனி அஜக்ஸ் வாசலை நீ மிதிக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு மங்கையற்கரசி எழுந்தாள். செத்த அண்ணையின் படத்தைப் பார்த்து ஒருமுறை மூக்கை உறிஞ்சினாள். சப்பாத்துக்குள் காலை நுழைக்கத் தடுமாறியபோதும் யாரும் கை கொடுக்கவில்லை. ஜெயமலர் மட்டும் மேசையில் கிடந்த கறுப்புக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"இதை விட்டிட்டுப் போறியள் மச்சாள். பாத்துப் போங்கோ, சனிக்கிழமை ரோட்டு இறுகி நிக்கும்."

அவள் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது கிருபன் கராஜ் வழியாகப் போய்ச் சூட்கேஸைக் கொண்டுவந்து கொண்டிருந்தான். கைப்பையை மேசையில் வைத்தான். பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அதன்மேல் வைத்தான். மன்னிப்புக் கேட்க அவனுக்குத் தெரியவில்லை. அந்தப் பழக்கம் அவனுடைய தகப்பனுக்கும் இருந்ததில்லை.

அவன் தாய்க்கு முன்னால் நிலத்தில் குந்தினான். அவளுடைய வலது கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தான். ஆறடி உயரமான அந்தப் பிள்ளையின் உச்சி இரண்டு வயதிலிருந்த மாதிரியே சூடாக இருந்தது.

"இது என்ர தலை அம்மா. அப்பா என்னைக் கேக்காமல் எடுத்தவர். நான் சொல்லுறன். கதையுங்கோ."

ஜெயமலர் கையை எடுக்கவில்லை. தன் விம்மல் அடங்கும்வரை அப்படியே நின்றாள். துவாரகா மாமியாரின் ஃபோனைத் தேடி எடுத்து, அதில் புஸ்பமலரின் இலக்கத்தை அழுத்தி, அவளுடைய காதில் வைத்துப் பிடித்தாள்.

ஃபோன் மணி இரண்டு தடவை அடித்தது. "அக்கா, வெளிக்கிட்டிட்டியோ?" என்று கேட்டது அந்தப் பக்கம். பதில் வராது என்று தெரிந்துகொண்டே கேட்கிற குரல். லியோனில் மழை தூறுகிறது என்றும், குளிருக்கு ஒரு சால்வை கொண்டுவா என்றும் அது தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போனது.

"புஸ்பா," என்றாள் ஜெயமலர். "அக்கா கதைக்கிறன்."

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. இந்தமுறை வாய் திறக்க முடியாமல் நின்றது தங்கை.