புல்வெளியில் கேட்ட குரல்

மேய்ச்சல் கூடாரத்தின் முன்னால் எசென்பெக்கும் அவருடைய மகள் ஜிபாரும் குதிரைகளிலிருந்து இறங்கியபோது நல்ல வெயில். கூடாரத்துக்காரி சொனுன் கிண்ணம் நிறையப் புளித்த குதிரைப்பால் ஊற்றிக் கொடுத்தாள்.

“இப்படி மெலிஞ்சுட்டீங்களே அண்ணா. மேல அடிக்கிற காத்து உங்களத் தூக்கிட்டுப் போயிரும்.”

அவர் சிரிக்கவில்லை. போன கோடையில் அவருடைய இளைய மகள் புருல் மேலே பூப் பறிக்கப் போனவள், மூடுபனியில் விளிம்பு தெரியாமல் பள்ளத்தில் விழுந்து இறந்துவிட்டாள். எட்டு வயது. அந்த இடத்தில் அவளுக்காக ஓதிவிட்டு வரத்தான் வந்திருந்தார்கள்.

குதிரைகளை அங்கேயே கட்டிவிட்டு நடந்து ஏறினார்கள். ஊசியிலைக் காடு முடிந்ததும் சரிவு முழுக்க மஞ்சளும் ஊதாவுமாக, முழங்கால் உயரத்துக்குப் பூக்கள். எசென்பெக் மண்டியிட்டு, கைகளை விரித்து ஓதினார். முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தபோது, அதுவரை இரைந்துகொண்டிருந்த தேனீக்களின் சத்தம் நின்றுபோயிருந்தது.

பனி இறங்கியது. பக்கத்துப் பூக்கள்கூட மறைந்தன.

“அப்பா.”

ஜிபார் வாய் திறக்கவில்லை.

“அப்பா, இங்க வாங்க. இங்க நிறைய இருக்கு.”

முன்பல் விழுந்த வாயிலிருந்து காற்றோடு வரும் குரல். புருலின் குரல்.

எசென்பெக் அதை நோக்கி நடந்தார். ஜிபார் அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பக்கம் பள்ளம் என்று கெஞ்சினாள்.

“விடும்மா. உனக்கு அம்மா இருக்கா. அவளுக்கு அங்க யாரு இருக்கா?”

ஈரப்புல்லில் அவள் கால்கள் வழுக்கின. அவர் காலடியிலிருந்து ஒரு கல் உருண்டது. அது கீழே மோதிய சத்தம் வெகுநேரம் கழித்தே கேட்டது.

வேறு வழி தெரியாமல் ஜிபார் பனியைப் பார்த்து அழுதாள்.

“புருல், அப்பாவ விட்டுடு. நீ எங்ககூட வீட்டுக்கு வா.”

குரல் நின்றது.

பனி விலகியபோது, எசென்பெக் விளிம்பில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். மகளைப் புதைத்த அன்றுகூட அவர் அழவில்லை.

தங்கள் ஊரான காரக்கோலுக்குத் திரும்பிய பிறகு ஒழுங்காகச் சாப்பிட்டார், தூங்கினார். ஆனால் அவருடைய இடது கை மட்டும் சில்லிட்டே கிடந்தது. தெருவில் நடக்கும்போது அடிகளைச் சுருக்கிச் சுருக்கி வைத்தார்.

ஒருநாள் சந்தைக்குப் போகும் வழியில், சாலையைக் கடக்க ஜிபார் அந்தக் கையைப் பிடித்தாள்.

அவள் உள்ளங்கைக்கும் அவர் உள்ளங்கைக்கும் நடுவே சின்ன விரல்கள் இருந்தன.

அவை அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டன.