கூட்டிய மணல்

தண்ணீர் பாட்டில்களை வைக்க டிரைவர் டிக்கியைத் திறந்தபோதுதான் அந்தத் துடைப்பம் அவள் கண்ணில் பட்டது. ஓர் ஆள் உயரக் கழியில் காய்ந்த ஓலைகளை இறுக்கிக் கட்டிய துடைப்பம். காருக்கு எதற்கு இவ்வளவு பெரிய துடைப்பம் என்று ஒரு கணம் யோசித்தாள். நமக்கென்ன வந்தது என்று ஏறி உட்கார்ந்தாள்.

மருத்துவமனைகளில் ஸ்கேன் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பொறியாளர் அவள். இயந்திரம் திரையில் சொல்வதை நம்பாமல் கம்பியைத் தொட்டுப் பார்த்தே பழகியவள். இந்தப் பாலைவன நகரத்துக்கு இரண்டு நாள் வேலையாக வந்திருந்தாள். வேலை மதியமே முடிந்துவிட்டது, விமானம் இரவில்தான். எந்த ஊருக்குப் போனாலும் கிடைத்த இடைவெளியில் வெளியே ஒரு நடை நடந்துவிட்டு வராவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. ஓட்டல் வரவேற்பாளரிடம் கேட்டதற்கு, மணல்மேட்டில் ஏறிச் சூரியன் சாய்வதைப் பார்த்துவிட்டு வரலாம் என்று தமிழ் தெரிந்த இந்த டிரைவரை ஏற்பாடு செய்துகொடுத்திருந்தார்.

"ஆபீஸ் செலவுல ஊர் சுத்தறியா? நடத்து, நடத்து" என்று போனில் சிரித்தான் கணவன். "டிரைவர் ஆள் எப்படி?"

"அதிகம் பேசமாட்டார். உனக்கு நேர் எதிர்" என்றாள். அதற்குள் பேச்சு விட்டு விட்டு வர ஆரம்பித்து, இணைப்பு அறுந்தது.

கட்டடங்கள் குட்டையாகி, பிறகு இல்லாமலே போயின. முன்னால் போன வண்டிகள் எல்லாம் நேராகப் போக, அவர்களுடைய கார் மட்டும் இடப்பக்க மண்பாதையில் திரும்பியது.

"எல்லாரும் நேரா போறாங்களே?"

"அங்க கூட்டம் மேடம். நடக்கணும்னு கேட்டீங்களாம். அங்க நடக்க முடியாது."

பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சற்று நேரம் கழித்து, கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நீங்க இங்க வந்திருக்கிறது யாருக்காவது தெரியுமா மேடம்?"

"எல்லாருக்கும் தெரியும்" என்று பொய் சொன்னாள். கணவனிடம் மணல்மேடு என்றுதான் சொல்லியிருந்தாள். இந்த ஊரைச் சுற்றி நாலாபக்கமும் மணல்மேடுதான்.

காரை நிறுத்தியதும் அவர் துடைப்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டார். "நீங்க முன்னால போங்க. நான் பின்னால வர்றேன்."

பகலெல்லாம் காய்ந்த மணல் செருப்புக் கடையின் புது ரப்பர் போலச் சூடாக வாடை வீசியது. சாய்ந்த வெயிலில் அவளுடைய நிழல் மெலிந்து நீண்டு அவளுக்கு முன்னே சரிவில் ஏற, ஷூவுக்குள் மணல் நறநறக்க, அவளுடைய மூச்சையும் தாண்டி முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் விடாமல் வந்தது. சரக். சரக். சரக்.

திரும்பிப் பார்த்தாள். அவர் அவளுடைய காலடித் தடங்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கார் வரைக்கும் மணல், யாரும் கால் வைக்காத மாதிரி வழவழவென்று கிடந்தது.

"எதுக்கு அழிக்கிறீங்க?"

"பழக்கம் மேடம்."

"என்ன பழக்கம்?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. கூட்டிய சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். "திரும்பிப் போறப்போ நாம ரெண்டு பேராத்தான் போகணும்."

நாளைக்கு யாராவது தேடி வந்தால், இங்கே ஒரு பெண் இறங்கி நடந்தாள் என்பதற்கு என்ன அடையாளம் இருக்கும்? கார் சாவி அவரிடம். மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து லாரி ஓடும் சத்தம் மெல்லியதாகக் கேட்டது. அங்கே சாலை இருக்கிறது. குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள்.

"தண்ணி பாட்டிலை வண்டியிலயே விட்டுட்டேன். கொஞ்சம் எடுத்துட்டு வர்றீங்களா?"

அவர் தயங்கினார். "சரி. நான் வர்ற வரைக்கும் இந்த இடத்தை விட்டு நகராதீங்க. ஒரு அடிகூட." பின்னோக்கி நடந்து, தன் தடத்தைத் தானே கூட்டியபடி இறங்கினார்.

வளைவில் அவர் தலை மறைந்ததும் ஓடினாள். கையை ஊன்றி, சறுக்கி, எழுந்து, உச்சி வரை ஓடினாள். கீழே தூரத்தில் சாலை தெரிந்தது. விளக்கு போட்ட லாரி ஒன்று ஊர்ந்தது. அப்பாடா என்றிருந்தது.

திரும்பிப் பார்த்தாள். அவர் வந்துவிட்டிருந்தார். ஆனால் துரத்தவில்லை. பாட்டிலை வீசிவிட்டு, அவள் ஓடிய தடத்தை அடியிலிருந்து பேய் பிடித்தவர் போலக் கூட்டிக்கொண்டிருந்தார். அவர் பார்வை சரிவின் நடுவில் இருந்தது.

"நில்லுங்க மேடம். காலை எடுத்து வைக்காதீங்க."

சரிவின் நடுவில் அவளுடைய தடம் ஒன்று இன்னும் ஆழமாக அமுங்கியது.

பிறகு அதற்கு மேலே இருந்த தடம்.

காற்று இல்லை. ஓர் இலை அசைகிற அளவுக்குக்கூட இல்லை. அடுத்தது அமுங்கியது. அவசரமே இல்லாமல். அவளுடைய ஷூ தடத்துக்குள், அதைவிட நீளமான ஒரு வெறுங்காலின் விரல்கள் பதிந்தன.

டிரைவர் கூட்டுவதை நிறுத்தினார். அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பின்னோக்கி நடந்தார். தன் தடத்தை மட்டும் கூட்டிக்கொண்டே, காரை நோக்கி.

"அண்ணே" என்றாள். அவர் நிமிரவில்லை.

ஓடலாம். ஓடினால் தடம் விழும். நின்றாள்.

இன்னும் நாலைந்து தடங்கள். இரண்டு. ஒன்று.

கீழே கார் கிளம்பும் சத்தம்.

அவளுக்கு முன்னே யாரும் மிதிக்காத மணலில் இரண்டு பாதங்கள் பதிந்தன. அவளுடைய ஷூ நுனியைத் தொட்டுக்கொண்டு. அவளைப் பார்த்தபடி.

அவை அசையவில்லை. வெகுநேரம்.

பிறகு குதிகால் குழிகளில் மணல் மெல்லச் சரிந்து நிரம்பியது. விரல்கள் மட்டும் ஆழமாக அழுந்தின. எதுவோ அவளுடைய முகத்தைப் பார்க்க நுனிக்காலில் எம்பி நின்றது.