வெளிப்பக்கம் திரும்பிய கை

டொக்டர் பாலசிங்கம் மன்னார்த் தீவுக்கு வந்து சேர்ந்தபோது நல்ல வெயில். வழியில் சோதனைச் சாவடிகளில் பெட்டியைக் கொட்டிக் கொட்டிக் காட்டியதில் கைகள் சோர்ந்திருந்தன. ஆஸ்பத்திரி வாசலில் கழுதைகள் படுத்திருந்தன. தாதி அன்ரோனெற் கதிரையை இழுத்துப் போட்டாள். தேத்தண்ணி கொடுத்துவிட்டு, ஜெனரேற்றருக்கு டீசல் குறைவு, அறுவையை இப்போதே தொடங்கினால்தான் உண்டு என்றாள்.

மேசையில் பிரான்சிஸ்கா படுத்திருந்தாள். பேசாலைக்காரி. புருஷன் இல்லை. தானே கடலுக்கும் போய், கருவாடு போட்டுப் பிள்ளைகளை வளர்ப்பவள். ஷெல் துண்டு அவளது வலது தோளின் எலும்புக் குமிழை நொறுக்கியிருந்தது.

"கை சரிவரேல்லையெண்டா என்னையும் கருவாட்டோட காயப்போடுங்கோ, டொக்டர்" என்றாள். பிறகு மயக்க மருந்தில் கண் மூடினாள்.

நொறுங்கிய எலும்புக்குப் பதிலாக வைக்க, அலுமாரியில் ஒரேயொரு உலோகக் குமிழ் மிச்சமிருந்தது. அதைச் சரியான பக்கம் பார்த்து வைத்தால் கை உயரும். பிசகினால் கழன்று கழன்று விழும்.

முந்திய குமிழைச் சந்தியோகு என்ற மீனவனுக்கு வேறொரு டொக்டர் வைத்திருந்தார். அது கழன்றபடியே இருந்ததாம். இராமேஸ்வரத்துக்கு அகதிகளை ஏற்றிப்போன படகு கவிழ்ந்தபோது, விளிம்பைப் பிடித்துத் தொங்க அந்தக் கையால் முடியவில்லை.

"அவன்ர சவத்தை இஞ்சதான் கொண்டுவந்து கிடத்தினவை" என்றாள் அன்ரோனெற்.

"இந்த மேசையிலயா?"

"வேற மேசை இல்ல, டொக்டர்."

அவர் கையுறையை மாட்டினார். இதைவிட மோசமானவற்றைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்திருந்தது.

தோளைத் திறந்து நொறுங்கல்களை எடுத்தார். எலும்புக்குள் ஒட்டுச் சிமெந்தை நிரப்பிக் குமிழின் தண்டை இறக்கினார். முழங்கையை மடித்து, முன்னங்கை நீட்டும் திசையை வைத்துத்தான் குமிழின் திசையைப் பார்ப்பது. துணி சுற்றிய அந்த முன்னங்கையை அன்ரோனெற் பிடித்திருந்தாள். சிமெந்து இறுகும்வரை எதுவும் அசையக்கூடாது.

முன்னங்கை வெளிப்பக்கமாகத் திரும்பியது.

"சிஸ்டர், திருப்பாதேங்கோ."

"நான் திருப்பேல்ல."

அவள் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தாள். பாதங்கள் தரையில் வழுக்கின. முன்னங்கை இன்னும் கொஞ்சம் திரும்பியது. மருந்து நெடியை மீறிப் பாசி மணந்தது.

துணியிலிருந்து நீர் சொட்டியது.

இரத்தமில்லை. தெளிந்த நீர்.

பாலசிங்கம் குமிழை அசையவிடாமல் பிடித்திருந்தார். அதைச் சுற்றி எலும்பு மெல்லத் திரும்புவது விரல்களில் தெரிந்தது. எதிர்த்துத் திருப்பலாம். சிமெந்து சூடேறிக்கொண்டிருந்தது; இறுகிவிட்டால் இன்னொரு குமிழும் இல்லை. படித்த கணக்கு ஒன்று, இந்தக் கை காட்டும் கணக்கு வேறு. அவருக்குச் சண்டை பிடிக்கத் தெம்பில்லை.

"விடுங்கோ சிஸ்டர்" என்றார். "அது போற பக்கம் போகட்டும்."

கொஞ்சம் போய், கை தானாக நின்றது.

சிமெந்து இறுகியது.

தைத்து முடித்துத் துணியை அவிழ்த்தபோதுதான் பார்த்தார்கள். முழங்கைக்குக் கீழே முன்னங்கை வெளிப்பக்கம் வளைந்திருந்தது. எப்போதோ முறிந்து, துடுப்பு மரச் சிலாகை வைத்துக் கடலிலேயே கட்டி, கோணலாகப் பொருந்திய எலும்பு. அந்த வளைவு தெரியாமல் முன்னங்கையை நம்பியே திசை பார்த்து விட்டிருந்தால் குமிழ் பிசகியிருக்கும்.

"சந்தியோகுவின்ர கையும் இப்பிடித்தான்" என்றாள் அன்ரோனெற். "கடலுக்குப் போறவையள் கை முறிஞ்சாலும் ஆசுப்பத்திரியைத் தேடிக் கரைக்கு வரமாட்டினம். பிடிச்ச மீன் பழுதாப்போகுமெல்லே." அவனுக்குக் குமிழ் வைத்த அன்று அந்தக் கோணலை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை என்றாள்.

பாலசிங்கம் தோளை மெதுவாக உயர்த்திப் பார்த்தார். குமிழ் குழிக்குள் வழுவழுவென்று உருண்டது. கழலவில்லை. கன நாளைக்குப் பிறகு ஒரு வேலை சரியாக வந்திருந்தது. ஆனாலும் அவர் சிரிக்கவில்லை.

பின்னேரம் வார்ட்டில் பிரான்சிஸ்கா கண் விழித்தாள். அவளது கை நெஞ்சோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. கை இனி உயரும், கருவாட்டுப் பாய்க்குத் திரும்பிப் போகலாம் என்று அவர் சொன்னார். அவள் தலையாட்டினாள். அவள் பார்வை அவரைத் தாண்டி, கட்டிலின் மறுபக்கத்தில் நின்றது. அங்கே வெறும் சுவர்.

"டொக்டர்" என்றாள் மெதுவாக. "அவரைக் கையை விடச் சொல்லுங்கோ. ஈரக் கை. குளிருது."

அவர் குனிந்து பார்த்தார்.

அவள் மணிக்கட்டின் தோல் நான்கு விரல் அகலத்துக்கு அமுங்கிக் கிடந்தது.

அவர் பார்த்துக்கொண்டிருக்க, அது இன்னும் ஆழமாக அமுங்கியது.