அசல் இத்தாலிய வீட்டு முறை

எட்டு நாளுக்கு ஒருமுறை இடது தோளில் உணவூசி போட்டுக்கொண்டால் செவ்வாய்க் கிரகத்தில் யாருக்கும் பசிக்காது. வாயால் சாப்பிடுவது அங்கே ஆடம்பரம். ஓர் அறைக்கு ஒருவர்தான் என்பது காற்றுச் சட்டம். இரண்டு மூக்குக்குப் போதுமான பிராணவாயு எந்த அறைக்கும் வராது. கல்யாணமானவர்கள்கூடச் சுவர்த்திரையில்தான் குடும்பம் நடத்தினார்கள். சண்டை குறைவு என்று அரசாங்கம் பெருமைப்பட்டுக்கொண்டது.

சுரங்கப் பொறியாளர் சுடலைமுத்துவுக்கு அந்தக் குடும்பமும் இல்லை. அன்று காலையில்தான் மருத்துவப் பெட்டி சொல்லியிருந்தது: நுரையீரல் முழுக்கச் செம்புழுதி, இன்னும் நாற்பது நாள். சுவர்த்திரையிடம் சொன்னால் அது நினைவூட்டல் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். ஐம்பத்திரண்டு வயது மனிதர், பாவம், ஆறுதல்கூட எதிர்பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்து ஒருத்தர் கேட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

அதனால்தான் ‘அசல் இத்தாலிய வீட்டு முறை உணவகம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் பெயர் பதிந்தார். நாலு பேருடன் ஒரே மேசை. நாலு பேரும் இயந்திரங்கள். மூச்சு விடாத உறவினர்கள் என்பதால் சட்டத்துக்கு ஆட்சேபம் இல்லை.

கதவு திறந்ததும், மாவு படிந்த கையைத் துடைத்தபடி அம்மா இயந்திரமான மம்மா வந்தாள். வாடிக்கையாளரின் வட்டார வழக்கை உணவகம் முன்பே விசாரித்து வைத்திருந்தது.

“ஏல, என்ன இப்படி மெலிஞ்சு போயிட்ட. ஒக்காரு மொதல்ல.”

சுடலைமுத்து உட்கார்ந்தார். அப்பா ரொட்டியைப் பிய்த்துப் பாதியை நீட்டினார். அண்ணனும் தங்கையும் நகர்ந்து இடம் விட்டார்கள். தக்காளிச் சாற்றில் மினுங்கும் பாஸ்தா ஆவி பறக்க வந்தது.

“அம்மா, ஒரு விஷயம் சொல்லணும். டாக்டர்ட்ட போயிருந்தேன்.”

“பொறு, தட்டுல கை வச்சிராத” என்றாள் மம்மா. தட்டை வெளிச்சத்துக்குத் திருப்பி, அதன்மேல் உள்ளங்கையைப் பிடித்தாள். பளிச்சென்று ஒரு மின்னல். பிறகு நாலு பேரின் உள்ளங்கைத் திரைகளிலும் நீல வெளிச்சம் படர்ந்தது. நாலு தலைகளும் குனிந்தன. கட்டைவிரல்கள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

ஏதோ கோளாறு என்று நினைத்து அவர் மேற்பார்வை இயந்திரத்தை அழைத்தார்.

“கோளாறு இல்லீங்க சார்” என்றது அது. “இருபத்தொன்னாம் நூற்றாண்டு வீடுகள்ல எடுத்த பதிவு பத்தாயிரம் காட்டிப் பழக்கியிருக்கோம். இத்தாலியில பாதி, நம்ம ஊர்ல பாதி. சமையல்தான் வேற வேற. சாப்பிடுற முறை எல்லா வீட்லயும் இதுதான்.”

“அப்பவே காத்துக்குப் பஞ்சமா?”

“இல்லீங்க. ஒரே அறையில அஞ்சு பேர் இஷ்டத்துக்கு மூச்சு விட்டிருக்காங்க.”

அது போய்விட்டது. சுடலைமுத்து மேசையைச் சுற்றிப் பார்த்தார். வேறு போக்கிடம் இல்லை.

“அம்மா.”

“நீ சொல்லு, கேட்டுக்கிட்டுதான இருக்கேன்” என்றாள் மம்மா, நிமிராமல்.

“இன்னும் நாப்பது நாள்தானாம்.”

“ம்.”

அப்பா எதற்கோ சிரித்தார். அவரைப் பார்த்தல்ல.

“செத்துருவேன்மா.”

மம்மாவின் கட்டைவிரல் மேலே தள்ளியது, நின்றது, மறுபடி தள்ளியது.

“சூப்பர்ல” என்றாள். “ஆறுறதுக்குள்ள சாப்பிடு.”