புறப்படாத விமானம்

ரசத்துக்குப் பெருங்காயம் தீர்ந்துவிட்டால் நிறைமதி ஆக்லாந்து சமையலறையிலிருந்து ஓர் எட்டு வைத்து, கோயம்புத்தூரில் அம்மா வீட்டு அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்வாள். இடையே பதினோராயிரம் கிலோமீட்டர். அரசாங்கம் அதற்குத் 'தாவுவாசல்' என்று பெயர் வைத்தது. ஜனங்களுக்கு அது ஜம்ப் டோர். அது வந்த பிறகு பிறந்தவளுக்குப் பயண நேரம் என்பது பாடப்புத்தகச் சமாச்சாரம்.

சௌகரியம்தான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் அதே வாசல் வழியே அம்மா தேன்மொழியும் வருவாள். இவள் பல் துலக்கும்போது வருவாள். அங்கே அந்தி என்றால் இங்கே நடுச்சாமம் என்பது மறந்துபோய் வந்து, போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போவாள். கல்யாணம் நிச்சயமானதும் நிறைமதிக்குக் கவலை பிடித்துக்கொண்டது. இனி இளவழகனும் இருப்பானே! தங்களுக்கென்று ஒரு வீடாக எப்போது வாழ்வது? அதை அம்மாவிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

கடைசியில் அம்மாவே ஆரம்பித்தாள். தாலி ஏறிய மறுநாள் விமானத்தில் போகச் சொன்னாள்.

"இப்பத்தான் விமானமே பறக்கறதில்லையேம்மா?"

"பறக்க வேண்டாங் கண்ணு. நீ போயிட்டேன்னு என்ற மனசுக்குத் தெரியோணும். இல்லாட்டி நான் வந்துட்டேதான் இருப்பேன்."

கோவையின் பழைய விமான நிலையத்தில் இதற்கென்றே ஒரு விமானத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் ஆக்லாந்துக்குப் பறக்க ஆன பதினைந்து மணி நேரமும் அதற்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு அதன் பின்பக்கத் தாவுவாசல் வழியே புது வீட்டில் இறங்கலாம். அப்படிப் போனவர்கள் வீட்டுக்குள் அழைப்பில்லாமல் யாரும் தாவ முடியாது, சட்டம் அப்படி. பாதியில் இறங்கினால் பயணம் செல்லாது.

நிறைமதி வேடிக்கையாகத்தான் ஏறினாள். பெல்ட்டை மாட்டிப் பார்த்தாள், சீட்டைச் சாய்த்துப் பார்த்தாள், இத்தனை நேரம் மனுஷர்கள் என்னதான் செய்திருப்பார்கள் என்று இளவழகனைக் குடைந்தாள். பாவம், அவனுக்கு மட்டும் என்ன தெரியும்? பேசினார்கள், சாப்பிட்டார்கள். அவன் தூங்கிப்போனான்.

அப்போதுதான் ஜன்னல் வழியே பார்த்தாள். கம்பிவேலிக்கு அப்பால் அம்மா நின்றுகொண்டிருந்தாள். சொந்தபந்தமெல்லாம் எப்போதோ வீடு போய்ச் சேர்ந்தாயிற்று. விமானம் கண்ணுக்கு மறையும்வரை நிற்பது அம்மா சின்ன வயதில் பார்த்துப் பழகிய வழக்கம். இந்த விமானமோ மறையப் போவதில்லை. அதை அம்மா யோசிக்கவே இல்லை. வெயிலில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

நிறைமதி போன் போட்டாள். "வீட்டுக்குப் போம்மா."

"நீ கண்ணுக்குத் தெரியறப்ப எப்படிக் கண்ணு போறது?"

இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. யாரும் தடுக்க மாட்டார்கள். ஓடினால் அம்மா சிரிப்பாள், கட்டிக்கொள்வாள். வாசலும் பழையபடி திறந்தே கிடக்கும். பெல்ட்டில் கையை வைத்தாள்.

அம்மாவை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பிறகு ஜன்னலின் மூடியைக் கீழே இழுத்துவிட்டாள்.

போனில் காற்றின் இரைச்சல். அதற்கு நடுவே அம்மாவின் குரல்.

"பறந்துடுச்சு கண்ணு. நான் பொறப்படறேன்."