மாடிப்படிக் கதவு

நரம்புப்பாலம் பொருத்திய பிள்ளைகளுக்கு மட்டும் தனி வகுப்பு என்று நாமக்கல் பள்ளிகள் அறிவித்த வருடம், கோமதியின் மகன் இனியவன் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தான்.

அவன் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். மூன்று வயதில் மாடிப்படியில் உருண்டு மண்டையில் அடி. நாலு நாளில் எழுந்து ஓடினான்; கண்டம் தப்பியது என்று எல்லோரும் மறந்தே போனார்கள். ஆறாம் வகுப்பில் பாடம் கனத்தபோதுதான் அந்த அடி தலைகாட்டியது. ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் முதல் வரி மறந்துவிடும். சோம்பேறி என்று வாத்தியார் திட்டினார். கோமதியும் கை ஓங்கியிருக்கிறாள், பாவி. பழைய தழும்பு மூளைப்படத்தில் தெரிந்தது அப்புறம்தான்.

அந்தத் தழும்பில் மருத்துவர்கள் உயிரிழைகளை விதைத்தார்கள். இழைகள் இருபுறமும் பற்றிப் பாலமாயின. அறுந்த வழி திறந்ததோடு நிற்காமல் புதுவழிகளும் கிளைத்தன. ஒருமுறை படித்தால் அப்படியே நின்றது. காயம்படாத மூளையில் மட்டும் இழை பிடிக்காது.

முதல் மதிப்பெண் எடுத்த வீட்டுக்குப் போய் எந்த டியூஷன், என்ன சாப்பாடு என்று விசாரிப்பது ஊர் வழக்கம். கோமதியும் வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்து வாய் ஓயாமல் சொன்னாள். எதிர்வீட்டுப் பொன்மலர் மட்டும் காபியைத் தொடவில்லை. மடியிலிருந்த குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

“எத்தனாவது படியில இருந்துங்க தம்பி உழுந்தான்?”

கோமதி கன்னாபின்னாவென்று திட்டி அவளை வெளியே அனுப்பினாள். இவளும் ஒரு தாயா என்று கணவன் பழனிவேலிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அவனோ, சாதாரண வகுப்புகளை மூடப்போகிறார்களாமே, சின்னவள் மகிழினியை எங்கே சேர்ப்பது என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் காய் வாங்கிக்கொண்டு திரும்பினாள். இனியவன் விழுந்த பிறகு மாடிப்படியின் உச்சியில் அவள் போட்ட கம்பிக்கதவைக் காணோம். கீழே பழனிவேல் திருப்புளியோடு நின்றான். மகிழினிக்கு இப்போது மூன்று வயது.

“என்னங்க பண்றீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணலை,” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். “தள்ளியா விடப்போறேன்? பெரியவன் உழுந்தப்ப யாரு தள்ளுனது?”

மேலே பந்தோடு வந்த மகிழினி அம்மாவைக் கண்டு சிரித்தாள். இறங்குவதற்குக் காலைத் தூக்கினாள். கோமதி பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடித்துவிட்டாள்.

ஆனால் ஓடுவதற்கு முன்னால் ஒரு கணம் நின்றாள். அதைப் பழனிவேல் பார்த்தான்.

குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு அவள் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். கதவைத் திரும்ப மாட்டுங்கள் என்று சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை.